‘டூ பெட் ரூம்ஸ்’ என்று எழுதி நட்டப்பட்டவள் சொல்வது: ஆங்கிலத்தில் சோடிச் சொற்களைப் பெயருக்கு முன் எழுதும் முறை

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் நானும் என் கணவரும் நான்கு அறை விருந்தினர் விடுதி ஒன்றை நடத்துகிறோம். முதலாம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஊரில் எந்த விடுதியிலும் இடம் கிடைக்காத பருவத்தில், ஐந்து பேர் கொண்ட வெளிநாட்டுக் குடும்பமொன்று மூன்று இரவுகளுக்கு முன்பதிவு செய்துவிட்டு வந்து இறங்கியது. நான் ஓர் அறையின் திறப்பைக் கொடுத்தேன். அவர்கள் இரண்டாவது திறப்பைக் கேட்டார்கள். எங்கள் இணையப் பக்கத்தில் ‘டூ பெட் ரூம்ஸ்’ என்று எழுதி அதன் கீழே விலையைப் போட்டிருந்தோம். இரண்டு கட்டில்கள் உள்ள அறைகள் என்பது எங்கள் எண்ணம். இரண்டு படுக்கையறைகள் என்பது அவர்கள் வாசிப்பு. அவர்கள் வாசித்ததில் பிழை சொல்ல எனக்கு வழியிருக்கவில்லை. மற்ற மூன்று அறைகளிலும் ஆட்கள் இருந்தபடியால், பக்கத்து விடுதியில் ஓர் அறையை மூன்று இரவுகளுக்கு எங்கள் செலவில் எடுத்துக் கொடுத்தோம்.

அன்றிரவு எங்கள் பெயர்ப்பலகை, துண்டுப்பிரசுரம், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து வைத்து வாசித்தபோது, அதே வகைப் பிழை பதினொரு இடங்களில் இருந்தது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு சொற்கள் சோடியாக வந்து அதை விளக்கும்போது, அந்தச் சோடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுத்தில் காட்டாததுதான் அந்தப் பதினொன்றுக்கும் பொதுவான காரணம். அதைத் திருத்தப் போய்ப் பெயர்ப்பலகைக்கு மூன்றாம் முறையும் பணம் கட்டினேன். அந்தக் கதையைக் கடைசிப் படியில் சொல்கிறேன். விடுதி, படகுச் சேவை, கடை என்று புதிதாகத் தொடங்குபவர்களும், வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுபவர்களும் இதே பள்ளத்தில் விழாதிருக்க இந்தப் படிகளை எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அவற்றுக்கு நடுவே சிறுகோடு இருந்தால் ஆங்கிலத்திலும் அதே இடத்தில் ஹைபன் இருக்க வேண்டும், இடைவெளி இருந்தால் அங்கும் இடைவெளியே இருக்க வேண்டும் என்று வாசியுங்கள்.

1. எழுத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மேசையில் சேருங்கள்

இணையப் பக்கத்தின் அச்சுப்பிரதி, விலைப்பட்டியல், துண்டுப்பிரசுரம், அறைகளில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்கள், பெயர்ப்பலகையின் புகைப்படம் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். வேலை தேடுபவர் என்றால் சுயவிபரக் கோவை, விண்ணப்பக் கடிதம், சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் திருத்தி இன்னொன்றில் விட்டுவிட்டால் வாடிக்கையாளர் தனக்குச் சாதகமானதைத்தான் காட்டுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

திருத்தும் ஒழுங்கைச் செலவை வைத்துத் தீர்மானியுங்கள். இணையப் பக்கத்தைத் திருத்தக் காசு தேவையில்லை, ஆகவே அது முதலாவது. நிழற்பிரதி எடுக்கும் விலைப்பட்டியல் அடுத்தது. துண்டுப்பிரசுரத்தை ஆயிரக்கணக்கில் அடிக்கும்போதுதான் ஒரு பிரதியின் விலை குறைகிறது. அதனால் முன்னைய இரண்டும் ஒரு மாதமாவது வாடிக்கையாளர் கண்ணில் பட்டுக் குழப்பமில்லை என்று தெரிந்த பிறகே அச்சகத்துக்குப் போங்கள். பெயர்ப்பலகை எப்போதும் கடைசி. நான் பலகையில் தொடங்கினேன்.

இதற்கு ஏற்ற காலம் எங்கள் பக்கத்து மாரிகாலம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் கடல் கொந்தளிப்புமாக ஆட்கள் குறைவாக இருக்கும்போது எழுத்து வேலையை முடித்துவிட்டால், மே மாதத்தில் கூட்டம் தொடங்குவதற்கு முன்னர் எல்லாம் கையில் இருக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அச்சகத்துக்குப் போகாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் உங்கள் சிறுகோட்டைக் கவனிக்கப் போவதில்லை.

2. கடைசிச் சொல்லின் கீழ்க் கோடிடுங்கள்

ஆங்கிலத்தில் இப்படி அடுக்கி வரும் சொற்களில் பொருளின் பெயர் கடைசியில் நிற்கும். அதற்கு முன்னால் நிற்பவை எல்லாம் அதை விளக்க வந்தவை. தமிழும் இப்படித்தான். ‘தேங்காய் எண்ணெய்’ என்றால் எண்ணெய்தான் பொருள், தேங்காய் அதன் விளக்கம். ‘ஃபிஷிங் போட்’ என்றால் மீன்பிடிப் படகு. ‘போட் ஃபிஷிங்’ என்றால் படகில் போய் மீன்பிடித்தல். ‘ஹவுஸ்போட்’ என்பது வீடாக இருக்கும் படகு, ‘போட்ஹவுஸ்’ என்பது படகை விடும் கொட்டில். ஒவ்வொரு தொடரிலும் கடைசிப் பெயர்ச்சொல்லின் கீழே பென்சிலால் கோடிடுங்கள். உங்கள் கையில் விற்பனைக்கு இருக்கும் பொருள் அதுதானா என்று பாருங்கள். இந்தப் படிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

3. முன்னால் நிற்கும் சோடியைத் தமிழில் ஒட்டிப் பாருங்கள்

எனக்கு வழி திறந்தது இந்த இடத்தில்தான், ஆகவே இங்கே சற்று நேரம் நிற்கிறேன். ‘பழைய தமிழ் ஆசிரியர்’ என்று எழுதினால், முன்பு தமிழ் படிப்பித்த ஆசிரியரா, பழைய தமிழைப் படிப்பிக்கும் ஆசிரியரா என்று தெரியாது. ‘பழந்தமிழ் ஆசிரியர்’ என்று முதலிரண்டு சொற்களையும் ஒட்டியவுடன் சந்தேகம் போய்விடுகிறது. பழமை ஆசிரியரை விட்டுவிட்டுத் தமிழோடு சேர்ந்துகொள்கிறது. நாங்கள் பாடசாலையில் தொகை என்று மனப்பாடம் செய்தது இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலத்துக்குப் புணர்ச்சி கிடையாது, ஆகவே அங்கே ஒட்டுகிற வேலையை ஹைபன் செய்கிறது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. சொல்ல விரும்புவதை முதலில் தமிழில் எழுதுங்கள். முன்னால் உள்ள பண்புச்சொல்லும் பெயர்ச்சொல்லும் தமிழில் இயல்பாக ஒட்டிக்கொண்டால், ஆங்கிலத்தில் அவற்றுக்கு இடையே சிறுகோட்டைப் போடுங்கள். ஆழ்கடல் மீன்பிடி என்பது ‘டீப்-ஸீ ஃபிஷிங்’. எங்கள் ஆழ்நீர்த் துறைமுகம் ‘டீப்-வோட்டர் ஹாபர்’. கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ‘ஹொட்-வோட்டர் வெல்ஸ்’. முழுநேர வேலை ‘ஃபுல்-டைம் ஜொப்’, குறுங்காலக் கடன் ‘ஷோர்ட்-டேர்ம் லோன்’, நெடுந்தூர பஸ் ‘லோங்-டிஸ்டன்ஸ் பஸ்’. ஆழமான கடல், வெப்பமான நீர், நீண்ட தூரம் என்று இவற்றை யாரும் இழுத்துச் சொல்வதில்லை. ஆழ்கடல், வெந்நீர், நெடுந்தூரம் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அந்த ஒரே மூச்சுக்கு அடையாளமாக ஆங்கிலத்தில் நிற்பது இந்தக் கோடு.

கோடு வருவதாலும் வராததாலும் பொருள் எப்படி மாறுகிறது என்பதற்கு எங்கள் விலைப்பட்டியலில் இருந்த வரியையே சொல்கிறேன். ‘ஸ்மோல் ஃபமிலி ரூம்’ என்று எழுதியிருந்தோம். சிறிய குடும்ப அறை என்று வாசித்தால் அறை சிறியது. பெரிய குடும்பம் போய் நெருக்கடிப்பட வேண்டியதுதான். சிறுகுடும்ப அறை என்று வாசித்தால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம், அறை எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம். எங்கள் எண்ணம் இரண்டாவது, ஆகவே ‘ஸ்மோல்-ஃபமிலி ரூம்’ என்று கோட்டோடு எழுதியிருக்க வேண்டும். அந்த அறை விடுதியிலேயே பெரியது. ‘ஸ்மோல்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் அதைக் கடந்து போனார்களோ தெரியாது.

படகு விற்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ‘ஓல்ட் போட் என்ஜின்’ என்ற விளம்பரத்தில் பழையது படகா இயந்திரமா என்பது தெளிவாக இல்லை. பழைய படகில் இருந்து கழற்றிய இயந்திரம் என்றால் ‘ஓல்ட்-போட் என்ஜின்’ என்று எழுதலாம். இயந்திரமே பழையது என்றால் கோடு வேண்டாம். ஆனாலும் வாங்குபவர் சந்தேகப்படுவார், ஆகவே அதை முழு வசனமாக எழுதிவிடுவது நல்லது.

பெயர்ச்சொல்லோடு வினையிலிருந்து பிறந்த சொல் சேரும் சோடிகளும் பெயருக்கு முன்னால் வந்தால் கோடு கேட்கும். கடலை நோக்கிய அறை ‘ஸீ-ஃபேஸிங் ரூம்’, குளிரூட்டிய அறை ‘எயார்-கண்டிஷன்ட் ரூம்’. தட்டையான அடியுள்ள படகு ‘ஃப்ளட்-பொட்டம்ட் போட்’. அங்கே பண்புச்சொல்லும் பெயர்ச்சொல்லும் சேர்ந்து கடைசியில் ஒரு ‘ட்’ ஓசையைப் பெற்றுக்கொள்கின்றன, நீண்ட கூந்தலுள்ள பெண்ணை ‘லோங்-ஹெயார்ட்’ என்பதுபோல.

ஒரு பொறி: இதே சோடி பெயருக்குப் பின்னால் போய்விட்டால் பெரும்பாலும் கோடு வேண்டாம். ‘ஏ ஃபுல்-டைம் ஜொப்’ என்பதில் கோடு உண்டு. ‘த ஜொப் இஸ் ஃபுல் டைம்’ என்பதில் இல்லை. ‘ஏ வெல்-நோன் பீச்’ என்று முன்னால் எழுதினால் கோடு. ‘த பீச் இஸ் வெல் நோன்’ என்று பின்னால் எழுதினால் இடைவெளி. ஒட்டுவதற்கு வலப்பக்கத்தில் பெயர் இல்லாதபோது குழப்பமும் இல்லை, ஆகவே கோட்டுக்கும் வேலையில்லை.

4. எண் வந்தால் பன்மையைக் கழற்றுங்கள்

எங்கள் பதினொரு பிழைகளில் ஆறு இந்த வகை. ‘டூ டேய்ஸ் டூர்’, ‘த்ரீ ஹவர்ஸ் போட் ரைட்’, ‘ஃபைவ் ஸ்டார்ஸ் சேர்விஸ்’ என்று எழுதியிருந்தோம். (எங்கள் சேவைக்கு நட்சத்திரம் கொடுத்தது யார் என்பது வேறு கேள்வி.) எண்ணும் பெயரும் சோடியாகி இன்னொரு பெயரை விளக்கும்போது சோடியில் உள்ள பெயர் ஒருமையில் நிற்க வேண்டும், இடையில் கோடு வர வேண்டும். ‘டூ-டே டூர்’, ‘த்ரீ-ஹவர் போட் ரைட்’, ‘ஃபைவ்-ஸ்டார் ஹோட்டல்’, ‘த்ரீ-பெட்ரூம் ஹவுஸ்’.

இதைப் புதிதாகப் பாடமாக்கத் தேவையில்லை. ஐந்தாண்டுத் திட்டம் என்கிறோமே தவிர ஐந்தாண்டுகள் திட்டம் என்பதில்லை. முச்சக்கர வண்டிக்கு மூன்று சக்கரங்கள் இருந்தும் பெயரில் பன்மை இல்லை. மூன்று மாடிக் கட்டடம், ஐந்து நட்சத்திர ஹோட்டல், இந்தக் கட்டுரையின் முதல் வரியில் நான் எழுதிய நான்கு அறை விடுதி, எல்லாம் அப்படித்தான். தமிழில் சரியாகச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனவுடன் ‘ஸ்’ ஒன்றை ஒட்டுகிறோம். ஒன்றுக்கு மேல் என்றால் பன்மை என்ற வகுப்பறைப் பாடம் அந்த நேரத்தில் முந்திக்கொண்டு வருகிறது.

அளவுச் சொற்களிலும் இதே முறைதான். பலகையின் நீளத்தைச் சொல்லும்போது ‘ஏ சிக்ஸ்-ஃபுட் போர்ட்’. பின்னால் சொன்னால் ‘த போர்ட் இஸ் சிக்ஸ் ஃபீட் லோங்’. வயதுக்கு இரண்டு கோடுகள் வேண்டும்: ‘ஏ டென்-இயர்-ஓல்ட் சைல்ட்’. ‘த சைல்ட் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்’ என்று பின்னால் போனால் கோடும் இல்லை, ஒருமையும் இல்லை. சிறுவர் கட்டணத்தை எழுதும் இடத்தில் இது கட்டாயம் தேவைப்படும். அளவை எழுத்தில் எழுதாமல் குறியீட்டில் எழுதினால் கோடு வேண்டாம்: ‘20-கிலோகிராம் பாக்’ என்று முழுச் சொல்லில் கோடு வரும், ‘20 கே.ஜி. பாக்’ என்று குறியீட்டில் இடைவெளி மட்டும் போதும்.

எண்கள் இரண்டு அடுத்தடுத்து வரும் இடம் மிகவும் ஆபத்தானது. ‘டுவென்டி ஃபோர் சீட் போட்ஸ்’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். நான்கு பேர் இருக்கும் இருபது படகுகளா, இருபத்துநான்கு பேர் இருக்கும் படகுகளா? இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றை இலக்கத்திலும் மற்றதை எழுத்திலும் எழுதுங்கள்: ‘20 ஃபோர்-சீட் போட்ஸ்’. மற்றப் பொருள் என்றால் ‘24-சீட் போட்ஸ்’. ஆட்கள் கூட்டமாகப் படகு பேச வரும்போது இந்த ஒரு கோடு எத்தனை பேரைக் கரையில் விட்டுப் போவது என்பதைத் தீர்மானித்துவிடும்.

இரண்டு வகைச் சுற்றுலாவை ஒரே வரியில் சொல்ல விரும்பினால் முதலாவது கோட்டைத் தொங்கவிடலாம்: ‘டூ- அண்ட் த்ரீ-டே டூர்ஸ்’. பார்வைக்கு அச்சுப் பிழைபோல இருக்கும், ஆனால் அதுவே சரி. எங்கள் அச்சகத்தில் அதை இரண்டு முறை அழித்தார்கள்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லாவிட்டால் விண்ணப்பம் எழுதுபவர்கள் பிழை விடுவார்கள். ‘பத்து வருட அனுபவம்’ என்பதை ‘டென் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதுவது சரி. ஆனால் கோட்டுக்குப் பதிலாக, பன்மை ‘ஸ்’ எழுத்துக்குப் பின்னால் மேலே தொங்கும் அபொஸ்ட்ரொபி வர வேண்டும். ‘டூ டேய்ஸ் நோட்டிஸ்’ என்ற இரண்டு நாள் முன்னறிவித்தலும் அப்படியே. எப்போது எது என்று மயங்கினால், கடைசிப் பெயருக்கு முன்னால் ‘ஏ’ என்ற ஒருமைச் சொல்லைப் போட முடியுமா என்று பாருங்கள். ‘ஏ டூர்’ என்று எண்ண முடியும், ஆகவே ‘ஏ டூ-டே டூர்’. இந்தப் பொருளில் அனுபவத்தை ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை, ஆகவே பன்மையும் அபொஸ்ட்ரொபியும். எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் விதி இதுவென்று சொல்ல மாட்டேன். விண்ணப்பத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் போதுமானது.

5. பெயரும் பெயரும் சேர்ந்தால் கோட்டை அவசரப்பட்டுப் போடாதீர்கள்

இரண்டு பெயர்கள் மாத்திரம் நின்றால் இடைவெளி போதும்: ‘ஃபிஷ் மார்க்கெட்’, ‘டிக்கெட் கவுண்டர்’. தமிழில் மீன்சந்தை என்று ஒட்டுகிறோமே என்று ஆங்கிலத்திலும் கோடு போட வேண்டாம். மூன்றாம் படியில் சொன்ன சோதனை, சோடிக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பெயர் நிற்கும்போதுதான் உதவும். அப்படி மூன்றாவது பெயர் வந்தாலும், சோடி எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால் இடைவெளியே வழக்கம்: ‘ஃபிஷ் மார்க்கெட் ப்ரைஸ்’ என்பதில் யாரும் மயங்கப் போவதில்லை.

முன்னால் வரும் பெயர் பெரும்பாலும் ஒருமையில் நிற்கும். கவுண்டரில் ஆயிரம் டிக்கெட்டுகள் விற்றாலும் அது ‘டிக்கெட் கவுண்டர்’. எங்கள் விலைப்பட்டியலின் தலைப்பே ‘ரூம்ஸ் ரேட்ஸ்’ என்று இருந்தது. அது ‘ரூம் ரேட்ஸ்’ ஆக வேண்டும். விலக்குகள் உண்டு, அவற்றை அப்படியே பாடமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை: ‘சேவிங்ஸ் எக்கவுன்ட்’, ‘கஸ்டம்ஸ் ஒஃபிசர்’, ‘ஸ்போர்ட்ஸ் கிளப்’, ‘சேல்ஸ் மனேஜர்’, ‘குட்ஸ் ட்ரெயின்’.

பெயர்கள் மூன்று சேரும்போது பின்னாலிருந்து முன்னால் பிரித்து வாசிக்கப் பழகுங்கள். சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் நிற்கும் இடத்தை ‘ஓயில் டாங்க் ஃபார்ம்’ என்கிறார்கள். கடைசிச் சொல்லைப் பார்த்து எண்ணெய்ப் பண்ணை என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. ‘டாங்க் ஃபார்ம்’ என்பது குதங்கள் வரிசையாக நிற்கும் வளாகம். ‘ஓயில்’ அந்தக் குதங்களில் இருப்பதைச் சொல்கிறது. பயிர் எதுவும் அங்கே இல்லை.

நான்காவது பெயரைச் சேர்க்க வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு வசனத்தை உடையுங்கள். நாங்கள் ஒருமுறை ‘பிஜன் ஐலண்ட் போட் ட்ரிப் டிக்கெட் ப்ரைஸ் லிஸ்ட்’ என்று எழுதினோம். இலக்கணப்படி பிழை சொல்ல முடியாது. ஆனால் வாசிப்பவர் கடைசிச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்துப் படகில் ஏறிவிடுவார். ‘ப்ரைஸஸ் ஃபோர் போட் ட்ரிப்ஸ் டு பிஜன் ஐலண்ட்’ என்று மாற்றினோம்.

6. கோடு போடக் கூடாத இடங்களைத் தனியாகச் சரிபாருங்கள்

ஹைபனைக் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் எல்லாவற்றையும் கட்டிப்போட ஆசை வரும். எனக்கும் வந்தது. பின்வருவனவற்றை விட்டுவிடுங்கள்.

இடப்பெயர்களும் நிறுவனப் பெயர்களும் பெரிய எழுத்தில் தொடங்குவதாலேயே ஒட்டிக்கொண்டவை. நிலாவெளிக்கு அப்பால், கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் ‘பிஜன் ஐலண்ட் நஷனல் பார்க்’, கோடு எங்கும் இல்லை. ‘ஏ பிஜன் ஐலண்ட் ட்ரிப்’ என்று முன்னால் போட்டாலும் இல்லை. அரச அலுவலகங்களின் பெயர்களை அவர்களுடைய கடிதத் தலைப்பில் உள்ளபடியே பிரதி செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ் ஆகியவற்றின் மொழிபெயர்ப்பில் பதவிப் பெயருக்கு நீங்களாகவே கோடு சேர்த்தால், மூலத்தோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படலாம், அலைச்சல் உங்களுக்குத்தான்.

‘லி’ என்று முடியும் வினையடைகளுக்குப் பின்னால் கோடு வராது: ‘நியூலி பில்ட் ரூம்’. ஆனால் ‘ஃபமிலி-ஃப்ரெண்ட்லி ரூம்’ என்பதில் வரும். அங்கே ‘ஃபமிலி’ என்பதும் ‘லி’ என்று முடிந்தாலும் அது பெயர்ச்சொல், வினையடை அல்ல. இதில் நான் நீண்ட நாள் தடுமாறினேன்.

நெடுங்காலமாகப் பழகிய சோடிகள் கோடில்லாமலே ஒட்டிவிட்டன. ‘ஐஸ் கிரீம் ஷொப்’, ‘ஹை ஸ்கூல் டீச்சர்’ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கன்னியாவின் ‘ஹொட்-வோட்டர் வெல்ஸ்’ என்பதைக்கூடக் கோடில்லாமல் எழுதினால் யாரும் வழி தவற மாட்டார்கள். குழப்பம் வரக்கூடிய இடத்தில் கட்டாயம், வராத இடத்தில் விருப்பம் என்பதே என் நடைமுறை. ஒன்று மாத்திரம்: ஒரே சொல்லை ஒரு தாளில் கோட்டோடும் மற்றத் தாளில் கோடில்லாமலும் எழுதாதீர்கள்.

இரண்டு பண்புச்சொற்கள் தனித்தனியாகக் கடைசிப் பெயரை விளக்கினால் அவை சோடியே அல்ல. சுத்தமான, அமைதியான அறை ‘ஏ க்ளீன், குவயட் ரூம்’. நடுவே ‘அண்ட்’ போட்டுப் பார்க்க முடிந்தால் கொமா போதும். ‘பியூட்டிஃபுல் ஓல்ட் வுடன் ஃபிஷிங் போட்’ என்று அடுக்கும்போது கொமாவும் வேண்டாம். எங்கள் அபிப்பிராயம் முதலில், பிறகு வயது, பிறகு செய்த பொருள், கடைசியில் பயன் என்ற ஒழுங்கைக் குலைக்காமல் இருந்தால் சரி.

7. சம அந்தஸ்துச் சோடிகள்

தாய்தந்தை, இரவுபகல் என்று உம்மை மறைந்து நிற்கும் சோடிகளில் ஒன்று மற்றதை விளக்குவதில்லை. ஆங்கிலத்தில் இவை பெயருக்கு முன்னால் வரும்போது ‘அண்ட்’ என்பதையும் சேர்த்து முழுவதையும் கட்டுவார்கள்: ‘டே-அண்ட்-நைட் சேர்விஸ்’, ‘பிளாக்-அண்ட்-வைட் ஃபோட்டோ’. இரண்டு ஊர்களுக்கு இடையிலான போக்குவரத்து என்றால் ஊர்ப்பெயர்களுக்கு நடுவே ஹைபனைவிடச் சற்று நீளமான கோடு போடுவது அச்சு வழக்கம்: ‘கொலம்போ–ட்ரிங்கோ ட்ரெயின்’. நீளக் கோடு தட்டச்சில் கிடைக்காவிட்டால் சிறுகோடும் போதும், பணத்தைப் பாதிக்கும் விடயம் இதில் இல்லை.

8. பணம் தங்கியிருக்கும் வரியில் கோட்டை மாத்திரம் நம்பாதீர்கள்

‘டூ-பெட் ரூம்ஸ்’ என்று இப்போது நான் சரியாக எழுத முடியும். இருகட்டில் அறைகள் என்பதற்கு அது பொருத்தமானது. இரண்டு படுக்கையறைகளுக்கு ‘டூ பெட்ரூம்ஸ்’ என்று ‘பெட்ரூம்’ ஒரே சொல்லாக வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் இப்போது இவை இரண்டுமே இல்லை. ‘ஈச் ரூம் ஹாஸ் டூ பெட்ஸ்’, ஒவ்வோர் அறையிலும் இரண்டு கட்டில்கள் என்று முழு வசனம் எழுதி, அதன் கீழே ‘ப்ரைஸ் ஃபோர் வன் ரூம்’ என்று சேர்த்திருக்கிறோம். எங்களிடம் வருபவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல; அவர்கள் கைபேசியின் சிறிய திரையில், அதுவும் பல வேளைகளில் மொழிபெயர்ப்புச் செயலி வழியாக வாசிக்கிறார்கள். அந்த வழியில் ஒரு சிறுகோடு தப்பிப் பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே விலை, ஆட்களின் எண்ணிக்கை, நாட்களின் எண்ணிக்கை, திருப்பிக் கொடுக்கும் பணம் ஆகிய நான்கையும் சொல்லும் வரிகளில் சோடிச் சொற்களை உடைத்து வசனமாக்குங்கள். தலைப்புகளிலும் விளம்பர வரிகளிலும் சோடிகள் இருக்கட்டும். இணையப் பக்கத்தை மாற்றுவதற்கு முன்னர் பழைய பக்கத்தைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்கள் பழைய வாசகத்தை நம்பித்தான் வருவார்கள். அவர்களுக்குப் பழைய வாக்கைக் காப்பாற்றுங்கள்.

எழுதி முடித்ததும் உங்கள் தொழிலோடு சம்பந்தமில்லாத இரண்டு பேரிடம் காட்டி, ‘சரியா’ என்று கேட்காமல், ‘இந்த விலைக்கு எத்தனை கட்டில் கிடைக்கும்’ என்று கேளுங்கள். சரியா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் உயர்தரம் படிக்கும் என் தங்கையின் மகளிடமும், பக்கத்துக் கடைக்காரரிடமும் கேட்டேன். கடைக்காரர் இரண்டு பிழைகளைப் பிடித்தார், அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது என்பதால்தான்.

9. அச்சகத்தில்

கையால் எழுதிய தாளைக் கொடுக்காதீர்கள். கையெழுத்தில் ஹைபனும் இடைவெளியும் ஒன்றுபோலத் தெரியும். தட்டச்சு செய்து பி.டி.எஃப். கோப்பாகக் கொடுங்கள், அதை அப்படியே பிரதி செய்யும்படி சொல்லுங்கள், திரும்பத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருளை நம்பிப் பயனில்லை: ‘டூ’, ‘டேய்ஸ்’, ‘டூர்’ மூன்றும் தனித்தனியாகச் சரியான சொற்கள், ஆகவே பெரும்பாலும் அடியில் சிவப்புக் கோடு வராது.

என் இரண்டாவது பலகைக்கு நடந்தது இதுதான். முதற் பலகையில் கோடுகள் இல்லை என்று திருத்திய கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வடிவமைத்தவர் பெரிய எழுத்தில் கோடுகள் அழகாக இல்லை என்று நினைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். நான் அவருடைய கைபேசியில் நிறத்தையும் படத்தையும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. பலகைக்குச் சதுர அடிக் கணக்கில்தான் விலை: ஆறடிக்கு நாலடி என்றால் 24 சதுர அடி, அதில் ஒரு சிறுகோடு விடுபட்டாலும் 24 சதுர அடியையும் மறுபடி அடிக்க வேண்டும். சரி என்று நானே சொன்னபடியால் பாதி விலைகூடக் குறைத்துக் கேட்க முடியவில்லை. தொகையை எழுதவில்லை, பொருள்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பலகையைத் தாங்கும் சட்டத்துக்கும் பொருத்துகூலிக்கும் தனியாகக் கேட்பார்கள் என்பதை மாத்திரம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மாதிரிப் படியைக் கைபேசியில் பார்க்காமல் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், அதற்கான சிறு செலவை நீங்களே கொடுத்துவிடுங்கள். அன்றே ஒப்புதல் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் காலையில் வாசியுங்கள். ஒவ்வொரு கோட்டையும் எண்ணி, உங்கள் கோப்பில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எங்கள் மூன்றாவது பலகையில் ஐந்து. கோட்டில் வரி உடைந்து, ‘டூ-’ மேல் வரியிலும் ‘டே’ கீழ் வரியிலும் போயிருந்தால் எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கி ஒரே வரியில் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லாம் சரியென்றால் அந்தத் தாளிலேயே திகதி போட்டுக் கையொப்பமிட்டு, அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தாளை அச்சகத்தில் கொடுங்கள்.

பலகை தயாரானதும் ஓட்டோவில் ஏற்றுவதற்கு முன்னர் கடை வாசலில் நிலத்தில் கிடத்தி, கையொப்பமிட்ட தாளின் படத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பாருங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.